நான்காவது ஆள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்று ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் மாத்திரையை மறப்பவள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

ஒருவழியாக வீடு அமைந்துவிட்டது. நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். எல்லாம் வசதியானவர்களின் வீடுகள். இங்கே வாடகைக்கு வீடு விடுவதே அபூர்வம். இந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதால் நம் கைக்கு அடங்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார். மாடியில் இரண்டு படுக்கையறை, கீழே ஒன்று. என் தையல் மெஷினை முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். பெரிய இடத்துக் கல்யாணத்தில் அழையாமல் வந்த விருந்தாளி மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறது.

தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு கதவாகத் திறக்கும். கையில் பையோடு எல்லோரும் ஸ்டேஷனைப் பார்த்து நடப்பார்கள். ஏழு பன்னிரண்டு வண்டி போய்விட்டால் தெருவில் ஈ காக்கை இருக்காது. மாலை ஆறு நாற்பது வண்டியில்தான் திரும்புவார்கள். இவரும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவர். லிஃப்ட் மெக்கானிக் என்றால் யார் நம்புவார்கள்? சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மேனேஜர் மாதிரி போகிறார். பகல் பதினொரு மணிக்கு வாசலில் நின்றால், வாசற்கேட் காவலாளி இருமுவது தெருக்கோடி வரை கேட்கிறது.

ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்திருக்கிறேன், திட்டாதே. இங்கே குடியிருப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. செயலாளர் ஒரு பல் டாக்டர் அம்மா. படிவத்தோடு வந்தார். "மூணு படுக்கையறை வீட்டுல நாலு பேராவது இருக்கணும். இங்க அது பழைய வழக்கம். ஆள் கம்மியா இருந்தா தெரு தாங்காது" என்றார். எங்களைப் பார்த்தால் மூன்று பேர். வீடு போனால் பள்ளிக்கூடமும் போச்சு. இங்குள்ள பள்ளியில் இடம் நிலைக்க, இங்கேயே ஒரு வருடம் குடியிருக்க வேண்டும். நம் சுண்டெலிப் பெண்ணை இந்தப் பள்ளியில் சேர்க்கத்தானே இவ்வளவு பாடும்? அதனால் நான்காவது ஆளாக உன்னை எழுதிவிட்டேன். உன் ஆஸ்பத்திரி அடையாள அட்டைப் படத்தின் இன்னொரு பிரதி என்னிடம் இருந்தது, அதை ஒட்டினேன். எந்த வண்டியில் போவார், எதில் வருவார், கையில் என்ன வைத்திருப்பார், எப்படி நடப்பார் என்றெல்லாம் கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். ஏழு பன்னிரண்டு, ஆறு நாற்பது, பழுப்புத் தோள்பை, வேகமான நடை என்று எழுதினேன்.

பொய்யை மெய்யாக்குவது உன் கையில். மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. எத்தனை வருடமாகக் கூப்பிடுகிறேன்?

போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. ஆகவே ஒப்பந்தப்படி கடிதமே எழுது.

உன் அன்புத் தங்கை


ஜூன் 15

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். முழங்கால் அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். மாப்பிள்ளையும் சுண்டெலியும் சுகம்தானே?

நாற்பத்தொரு வயதில் உனக்குப் புத்தி வரும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. அரசாங்க அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை எவளோ பல் டாக்டரிடம் கொடுத்திருக்கிறாய். அந்தப் படத்தில் நான் இருக்கும் லட்சணத்துக்கு, காவலாளி பார்த்ததும் போலீசைக் கூப்பிடுவான். யாராவது விசாரித்தால், அக்கா வெளியூரில் இருக்கிறாள், வருவாள் என்று சொல்லி வை. அது பொய்யில்லை.

இங்கே மருந்தகத்தில் ஆள் பற்றாக்குறை. நான் ஒருத்திதான் பழைய ஆள். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாததுகளை வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன். லீவு என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது. பார்க்கலாம்.

சுண்டெலிக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும். புது இடம், ஜாக்கிரதை.

அன்புடன் அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்றே நினைக்கிறேன், திட்டு அவ்வளவு தெம்பாக இருந்தது.

சுண்டெலிக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்குத் தற்காலிகம். வருடம் முடிந்து சங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிரந்தரம். எனக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பது ஜன்னல், அத்தனைக்கும் திரைச்சீலை வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆளில்லாத அறைகளில் டேப்பை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கிறேன். அப்படி ஒரு மௌனம். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஐந்து காப்பிக் கோப்பைகள் கழுவாமல் இருந்தன. அந்த வீட்டில் நான் இதுவரை பார்த்தது நான்கு பேரைத்தான்.

ஒரு வேடிக்கை கேள். எதிர்வீட்டு வக்கீல் ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நின்று என்னிடம், "உங்க அக்கா என்ன நடை நடக்கறாங்க, எட்டிப் பிடிக்க முடியல" என்றார். சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன். நேற்று காவலாளி, "அக்கா ஏழு பன்னிரண்டுக்குக் கிளம்பியாச்சு, நீங்க கதவைப் பூட்டலாம்" என்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படிவத்தை இவ்வளவு பயபக்தியோடு படிக்கிறவர்களை நான் கண்டதில்லை.

எப்போது வருகிறாய்? மூக்குக்கண்ணாடியையும் முழங்காலையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வா.

தங்கை


ஆகஸ்ட் 9

அன்புள்ள குட்டிக்கு,

நலம். அங்கும் நலமே நிலவட்டும். சுண்டெலி எனக்கு எழுதிய நாலு வரியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சிரித்துக்கொண்டு இருக்காதே. எதிர்வீட்டாரிடம் போய், என் அக்கா இங்கே இல்லை, நீங்கள் பார்த்தது வேறு யாரையோ என்று பட்டென்று சொல். வாயில் கொழுக்கட்டையா? பொய் ஒன்று சொன்னால் அதைக் காப்பாற்ற ஒன்பது சொல்ல வேண்டும்.

இங்கேயும் எல்லோருக்கும் மறதி வியாதிதான். செவ்வாய்க்கிழமை முழுக்க கவுண்டரில் நின்றேன். மறுநாள் என் கீழே வேலை பார்க்கும் பெண், "நேத்து ஏம்மா வரல, உடம்பு சரியில்லையா?" என்கிறாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் கைரேகை எந்திரத்திலும் அன்றைக்கு என் விரல் பதியவில்லை. விரலில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும்.

லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் பார்க்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? இவரும் சுண்டெலியும் நலம். என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

இரண்டு மாதமாக வயிற்றில் வலி இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். செப்டம்பர் பதினெட்டாம் தேதி குறித்திருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் நாலு பேருக்குச் செய்கிற ஆபரேஷன் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா, பத்து நாள் வந்து இரு. இவர் லீவு போட்டாலும் அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதுவல்ல காரணம். உள்ளே கொண்டுபோகும்போது கதவுக்கு வெளியே நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். அம்மாவுக்கு நடந்ததை நினைத்துக் குழம்பாதே. அது வேறு, இது வேறு.

விளையாட்டுக்குக் கூப்பிட்டதெல்லாம் போகட்டும். இப்போது நிஜமாகவே கூப்பிடுகிறேன்.

உன் குட்டி


செப்டம்பர் 8

அன்புள்ள குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. தைரியமாக இரு. இது இந்தக் காலத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் நடந்து போகிறார்கள்.

பதினெட்டாம் தேதியை ஒட்டி எங்கள் மருந்தகத்துக்கு மேலிடத்து ஆய்வு வருகிறது. இருப்புப் பதிவேடு எல்லாம் என் பொறுப்பு. நகர முடியாது. ஆய்வு முடிந்ததும் கட்டாயம் வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் என்னென்ன சாப்பிடலாம், எது கூடாது என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமு. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை எதுவும் சாப்பிட்டால் டாக்டரிடம் நீயே சொல்லிவிடு, அவர்கள் கேட்க மறந்துவிடுவார்கள்.

மாப்பிள்ளையை முடிந்ததும் எனக்கு எழுதச் சொல்.

அக்கா


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் ஆகிவிட்டது. மெஷின் மிதிக்க இன்னும் அனுமதி இல்லை, கையால் ஓரம் அடிக்கிறேன். எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் ஆய்வு நன்றாக முடிந்திருக்கும்.

பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஒரு குறையும் இல்லை. ஆகவே லீவுக்காக நீ சிரமப்பட வேண்டாம்.

தங்கை


நவம்பர் 11

அன்புள்ள குட்டிக்கு,

நீ எழுதியது பத்து வரி. எண்ணிப் பார்த்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று உள்ளபடி எழுது. தையல் ஆறிவிட்டதா? காய்ச்சல் எதுவும் இல்லையே?

பார்த்துக்கொண்ட ஆள் யார்? வேலைக்கு வைத்தாயா, பக்கத்து வீட்டாரா? மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதியிருந்தேன். அவர் பதிலில், "நீங்க இருந்ததால நான் நிம்மதியா இருந்தேன்" என்று போட்டிருக்கிறார். மனுஷன் கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. அப்படிக் கிண்டல் செய்கிறவர் இல்லை அவர்.

நம் ஒப்பந்தத்தை மீறி ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். நான் வைத்துவிட்டேன். அந்தக் குரலைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

என் பக்கத்து வீட்டு டீச்சர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "எப்ப திரும்பி வந்தீங்க?" என்று கேட்டாள். நான் எங்கேயும் போகவில்லை. மருந்தகத்தில் சீட்டை நீட்டுகிறவர்கள் என்னைத் தாண்டி அடுத்த ஜன்னலுக்குப் போகிறார்கள். கைரேகை எந்திரம் என் விரலை இப்போது எடுப்பதே இல்லை. புது எந்திரம் வாங்க எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

கேட்டதற்குப் பதில் சொல். மறைக்காதே.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் நால்வரும் நலம். இப்படி எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன். தையல் ஆறிவிட்டது, காய்ச்சல் இல்லை. நீ மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு.

மறைக்காமல் எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, இன்னும் முழுசாக இருட்டவில்லை. முன்னறை ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆறு நாற்பது வண்டிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வக்கீல் வந்தார், அவருக்குப் பின்னால் இவர், இவருக்குப் பின்னால் நீ. பழுப்புத் தோள்பை. வேகமான நடை. கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நீ செய்கிற மாதிரியே காலால் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே வந்து, "டீ இருக்கா?" என்று கேட்டாள்.

உன் கடிதம் மெஷின் மேல் இருந்தது. ஆய்வு, இருப்புப் பதிவேடு எல்லாம் எழுதியிருந்தாயே, அது. அதனால் எனக்குக் குழப்பமே இல்லை. இவள் நீ இல்லை என்று அந்த நிமிடமே தெரியும். யார் நீ என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்டால் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் கதவுக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று இவர் சொன்னார். இவருக்கு அது நீதான். கண் விழித்தபோது என் நெற்றியில் கை இருந்தது. அக்கா, அந்தக் கையைத் தள்ளிவிடு என்று உன்னால் சொல்ல முடியுமா?

சுண்டெலி இரண்டாம் நாளே என் காதில் வந்து, "இந்தப் பெரியம்மா கையில மருந்து வாசனையே இல்லம்மா" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவளிடம்தான் தலை வாரிக்கொள்கிறாள். இழுப்பு வந்தால் அவள் மடியில்தான் படுக்கிறாள்.

சனி ஞாயிறு தவிர தினமும் ஏழு பன்னிரண்டுக்குப் போகிறாள். எங்கே போகிறாள் என்று தெரியாது. "எங்க வேலை?" என்று ஒருநாள் கேட்டேன். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "படிவத்துல நீ எழுதலையே" என்றாள். ஆமாம், வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

அவளிடம் ஒரே ஒரு குறை. அவள் சண்டை போடுவதில்லை. என்ன சொன்னாலும் சரி என்கிறாள். முதலில் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. சில நாள் பகலில், தெருவில் யாரும் இல்லாதபோது, உன் பழைய கடிதங்களை எடுத்துத் திட்டு இருக்கும் இடமாகப் பார்த்துப் படித்துக்கொள்கிறேன்.

தங்கை


டிசம்பர் 2

குட்டிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை வருகிறேன். பகல் வண்டி. வேலையை விட்டுவிட்டேன். எழுதிக் கொடுத்தபோது மேலதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவங்க எப்பவோ போயிட்டாங்களே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உன்னைப் பற்றித்தான் கவலை. அதுக்குச் சோறு போட்டுக்கொண்டு, பிள்ளையின் தலையை அதன் கையில் கொடுத்துக்கொண்டு எப்படி இருக்கிறாய்? நான் வரும்வரை அதோடு பேசாதே. வந்து நானே வெளியே அனுப்புகிறேன். அது போனால் வீடு போகும், பள்ளி போகும் என்றால் போகட்டும். என் வீட்டில் நாலு பேரும் நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளலாம்.

நான் முன்பே வந்திருக்க வேண்டும். வந்து சொல்கிறேன்.

உன் அக்கா


டிசம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? அன்றைக்கு வெயிலில் நின்றாயே, முழங்கால் வலித்திருக்கும். இங்கு எல்லோரும் நலம்.

சனிக்கிழமை உன்னை நான் பார்த்தேன். மாடி ஜன்னலில் இருந்தேன். நீ கேட்டருகில் வந்ததும் காவலாளி படிவத்தில் இருந்த படத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "நீங்க உள்ள போய் அரைமணி ஆச்சேம்மா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மனுஷன் பாவம், நடுங்கிப்போனார். நீ அவரை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாந்து, "குட்டி" என்று கூப்பிட்டாய். மூன்று முறை கூப்பிட்டாய்.

அவள் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. படியேறி வந்து என் பக்கத்தில் நின்று, "கீழ போறியா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் போ என்றிருந்தால் போயிருப்பாள்.

முந்தின நாளே நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "ஒரே ஆளை ரெண்டு தடவை எழுத முடியாது. யாரை வச்சுக்கறீங்கன்னு குடித்தனக்காரங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "என் புருஷன் பதினோரு வருஷமா இப்படித்தான் இருக்கார். பழகிடும்" என்றார்.

பிள்ளையின் படிப்புக்காக இறங்கி வரவில்லை என்று எழுதலாம். இந்தத் தாளில் முதலில் அப்படித்தான் எழுதினேன், கிழித்துவிட்டேன். அது பொய். எனக்கு உன்மேல் கோபம். நான் பயந்துபோய்க் கூப்பிட்டபோது ஒருத்தி வந்தாள், ஒருத்தி வரவில்லை. வராதவள் என் அக்கா என்பது எனக்கு எப்படி வலிக்கும் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொல்லி எழுதினாய்.

அடுத்த வருடத்துக்கான படிவத்தில் அதே நால்வர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி எழுதாதே, அக்கா. உன் கையெழுத்தைப் பார்த்தால் நான் இறங்கி வந்துவிடுவேன்.

குட்டி


டிசம்பர் 20

அங்கே இருக்கும் அக்காவுக்கு,

இது உனக்குத்தான். அவளுக்கு எழுதவில்லை, அவள் சொல்லைத் தட்டவில்லை. நீ நலமா என்று கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். என்னை இங்கே இப்போது யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் நேற்று வாசலில் வீடு காலி என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஏன் ஆபரேஷனுக்கு வரவில்லை என்று அவளிடம் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். ஆய்வெல்லாம் பொய். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்தகம் கீழ்த்தளம், ஆபரேஷன் அறை மூன்றாம் மாடி. அம்மாவை உள்ளே கொண்டுபோன அன்று அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள் நான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் அந்த மாடிக்கு ஏறியதில்லை. இன்னொரு முறை அப்படி உட்கார்ந்தால், உள்ளேயிருந்து வருகிறவர் என்ன முகத்தோடு வருவாரோ என்று நினைத்தே ஏழு நாள் தூங்கவில்லை. தங்கையிடம் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பதிவேடு என்று எழுதினேன். நீ உட்கார்ந்தாய். அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டவள்.

இதை அவளிடம் சொல்லாதே. சொன்னால் அழுவாள்.

படிவத்தில் அவள் எழுதியிருக்கமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். காய்ச்சல் வந்தால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள், காதுமடல் சிவந்திருக்கும், தொட்டுப் பார். ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைக்கு இழுப்பு வரும்போது படுக்க வைக்காதே, சாய்த்து உட்கார வை. மாப்பிள்ளையின் வேலை உயரத்தில், மழை நாளில் திரும்பும்வரை இவள் சாப்பிடமாட்டாள், திட்டிச் சாப்பிட வை. உனக்குச் சண்டை போட வராது என்று எழுதியிருந்தாள். கற்றுக்கொள். வாரம் ஒருமுறையாவது அவளைத் திட்டு. நீ எதற்கும் சரி சரி என்றால், தனக்கு யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படி.

அவள் எப்போது கூப்பிட்டாலும் போ. யோசிக்காதே, காரணம் தேடாதே, போய்விடு.

அவள் சுகமாக இருக்கிறாள் என்று எப்போதாவது ஒரு வரி எழுதிப் போடு. உன் கையெழுத்து எனக்குப் படிக்க வரும்.

இப்படிக்கு,
அக்கா